யாரும் கேள்விப்படாத பழைய கேம்கள் மீது சிலருக்கு ஏன் இத்தனை பித்து?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் 1990களின் பிற்பகுதியில் சிறுவர்களாக இருந்தவர்களிடம் ‘ரீவி கேம்’ என்று சொன்னால், அவர்கள் மனதில் எழுவது ஏறக்குறைய ஒரே காட்சியாகத்தான் இருக்கும்: பாரமில்லாத ஒரு பிளாஸ்டிக் பெட்டி, வயர் மடிந்து மடிந்து அறுந்துபோகும் இரண்டு கொன்ட்ரோலர்கள், வாத்துச் சுடுவதற்கு ஒரு துவக்கு, மேலே குத்தும் மஞ்சள் நிறக் கசெற், அந்தக் கசெற்றின் முகத்தில் ‘9999 இன் 1’ என்ற பெரிய பொய். உள்ளே இருந்தவை முப்பது நாற்பது கேம்கள்தாம். அவற்றையே மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்குவது, கூடுதல் உயிர்களோடு தொடங்குவது என்று சிறிது மாற்றி, வேறு வேறு பெயர் சூட்டி, பக்கம் பக்கமாக அடுக்கியிருப்பார்கள்.

அந்தப் பட்டியலில் இரண்டு பென்குயின்கள் வரும் ஒரு கேம் இருந்தது. ஒன்றை வலப்பக்கம் நகர்த்தினால் மற்றது இடப்பக்கம் போகும்; மேலே கீழே மட்டும் இரண்டும் ஒன்றாகப் போகும். நடுவே மேலே கூட்டில் அடைபட்ட ஓர் இதயம். இரண்டு பென்குயின்களையும் இரு பக்கத்தாலும் ஒரே வேளையில் அதனருகே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இடையில் சிலந்தி வலைகள். எங்கள் ஒழுங்கையில் அதற்குப் ‘பென்குயின் கேம்’ என்று பெயர். அடுத்த ஒழுங்கையில் ‘சிலந்தி கேம்’. அதன் உண்மைப் பெயர் ‘பைனரி லேண்ட்’ என்பதும், ஜப்பானின் ஹட்சன் சொஃப்ட் நிறுவனம் 1985இல் அதை நின்டென்டோவின் ஃபேமிகொம் கருவிக்கு வெளியிட்டது என்பதும் இருபது வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தூக்கமின்மையைப் பற்றியது.

அதிகம் அறியப்படாத, வழமைக்கு மாறான, பழைய கொன்சோல் கேம்களைத் தேடிப் பிடித்து விளையாடுவதும், அவற்றைப் பற்றிப் பேசுவதும், அழியாமல் காப்பதும் உலகின் பல நாடுகளில் ஒரு தனி ஆர்வமாக வளர்ந்திருக்கின்றன. கொன்சோல் என்பது கேம் விளையாடுவதற்கென்றே செய்யப்பட்டு, தொலைக்காட்சியோடு பொருத்தப்படும் கருவி. ‘பழைய’ என்றால் எதுவரை என்பதில் ஆர்வலர்களுக்குள் சண்டை உண்டு. 1980களின் கசெற் கருவிகளில் தொடங்கி 2000இல் வந்த இரண்டாம் பிளேஸ்டேஷன் வரை என்று இங்கே வைத்துக்கொள்வோம். ‘அறியப்படாத’ என்ற சொல்தான் இவற்றுள் மிகவும் வழுக்கலானது.

ஏனெனில், ஒரு கேம் யாருக்கு அறியப்படாதது என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் விடை மாறும். செங்கல் சுவர்களுக்குள் கழுகுச் சின்னத்தைக் காத்துக்கொண்டு, கட்டத்துக்கு 20 எதிரி டாங்கிகளைச் சுட்டு வீழ்த்துகின்ற ‘பேட்டில் சிட்டி’யை நம்மில் விளையாடாதவர் குறைவு. நாம்கோ நிறுவனம் 1985இல் ஜப்பானில் வெளியிட்ட அந்த கேம், அதே கருவியின் அமெரிக்கப் பதிப்புக்கு அதிகாரபூர்வமாக வரவே இல்லை. ஆகவே அமெரிக்காவில் அதே காலத்தில் வளர்ந்த ஒருவருக்கு அது ஒரு கண்டுபிடிப்பு; நமக்கோ அது முற்றத்து மாமரம். அது நம்மிடம் வந்த வழியும் எளிதில் விளங்கக்கூடியது. 1983 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஃபேமிகொம் கருவியில், அனுமதியற்ற கசெற்றுகளைத் தடுக்கும் பூட்டுச் சில்லு இருக்கவில்லை. பின்னர் கருவியின் முழு மூளையையும் ஒரே சில்லில் அடக்கி, அதன்மேல் கறுப்புப் பிசின் துளி ஒன்றை ஊற்றி மூடி, மலிவான நகல் பெட்டிகளைப் பலர் செய்தனர். அப்பெட்டிகள் கப்பலேறி நம் பஸார்களுக்கு வந்தபோது, கேம்களின் தலைப்புப் பக்கமும் உரிமை வரியும் பல இடங்களில் அழிக்கப்பட்டிருந்தன. கையேடும் கிடையாது, அட்டைப்பெட்டியும் கிடையாது. எனவே நாம் பெயரில்லாத கேம்களின் ரசிகர்களாகவே வளர்ந்தோம். மேலை நாட்டு ஆர்வலர்கள் இன்று விரும்பித் தேடிப் போகும் நிலையில் நாம் பிறந்து கிடந்தோம் என்று சொன்னால் அது பெருமையா, இல்லாமையா என்று என்னால் தீர்க்க முடியவில்லை.

ஒரு கேம் வெளிச்சத்துக்கு வராமல் போவதற்கு மொழி முதற்காரணமாக இருக்கலாம். உரையாடல் நிறைந்த ஜப்பானிய கேம்கள் பல ஆங்கிலத்துக்குக்கூடப் போகவில்லை. சில கேம்களுக்கு வேறெதிலும் பயன்படாத உபகரணம் தேவைப்பட்டது. சிலவற்றைச் செய்த நிறுவனங்கள் மூடப்பட்டு, உரிமை யாரிடம் என்பதே சிக்கலாகிவிட்டது. சில, வெறுமனே விற்கவில்லை.

விசித்திரம் என்பது வேறு. அதைச் சொல்லி விளக்குவதைவிட உதாரணங்களைக் காட்டுவதே நல்லது.

பாடும் மீன்களின் ஊர் என்று பெயரெடுத்த மட்டக்களப்பில், மீன் பேசும் ஒரு கேமைப் பற்றிச் சொன்னால் யாரும் பெரிதாக அதிசயப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கருவிக்கு 1999இல் ஜப்பானில் வந்த ‘சீமேன்’ என்ற கேமில், மனித முகமுள்ள மீன் ஒன்றைத் தொட்டியில் வளர்க்க வேண்டும். கொன்ட்ரோலரோடு இணைக்கும் மைக்கில் நாம் பேசினால் அது பதில் சொல்லும். அந்தப் பதிலும் பெரும்பாலும் அன்பானதாக இருக்காது. உன் வயது என்ன, என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டு, சொன்னதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு குத்திக் காட்டும். கருவியில் உள்ள கடிகாரத்தைக் கொண்டே அது வாழ்வதால், சில நாட்கள் கவனிக்காமல் விட்டால் செத்துப்போகவும் கூடும். புள்ளிகள் இல்லை, எதிரிகள் இல்லை. ஒரு மீனிடம் திட்டு வாங்குவதற்காகத் தினமும் கருவியைப் போட வேண்டும். இதை ஒரு நிறுவனம் பணம் செலவழித்துச் செய்து கடைகளில் விற்றது என்பதை எண்ணும்போது வருகிற அந்தச் சிரிப்பும் வியப்பும் கலந்த உணர்வுதான் இந்த ஆர்வத்தின் விதை.

2001இல் இரண்டாம் பிளேஸ்டேஷனுக்கு வந்த இன்னொரு கேமின் ஜப்பானியப் பெயர் ‘கா’, அதாவது நுளம்பு. ஆங்கிலத்தில் ‘மிஸ்டர் மொஸ்கிட்டோ’. நாம்தான் நுளம்பு. யமடா என்ற குடும்பத்தின் வீட்டுக்குள் பறந்து, அவர்கள் அசந்திருக்கும் வேளையில் உடலில் குறிப்பிட்ட இடம் பார்த்து இறங்கி, கோடை முடிவதற்குள் போதிய இரத்தத்தைச் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் வலைக்குள் படுக்கின்ற நம்மவர் எவரும் இதை நடுநிலையோடு விளையாட முடியாது என்பது என் கருத்து.

இவ்வகையில் எனக்கு மிகவும் பிடித்தது, அதே 1999இல் முதலாம் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘விப்-ரிப்பன்’. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று. அதன்மேல் கோட்டாலேயே வரைந்த ஒரு முயல் நடந்துவரும். கோட்டில் வரும் பள்ளங்களையும் சுருள்களையும் பாட்டின் தாளத்துக்கேற்பப் பொத்தான் அழுத்திக் கடக்க வேண்டும். இதன் மாயம் வேறிடத்தில் இருக்கிறது. முழு கேமும் கருவியின் 2 மெகாபைட் நினைவகத்துக்குள் ஏறிவிடுவதால், கேம் சிடியை வெளியே எடுத்துவிட்டு நம்மிடமுள்ள எந்தப் பாட்டுச் சிடியையும் போடலாம். அந்தப் பாட்டைக் கேட்டு, அதற்கேற்ற பாதையைக் கருவியே வரையும். கோயில் திருவிழாவில் வாங்கிய நாதஸ்வரச் சிடியைப் போட்டாலும் முயல் நடக்கும். தவில் தனி வருமிடத்தில் அதன் கதி என்னவாகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். படங்களை இவ்வளவு எளிமையாக வைத்ததற்கு அழகு மட்டுமன்றி இந்தத் தேவையும் காரணமாயிற்று என்பதை அறியும்போது, விசித்திரம் என்று நாம் சிரித்த ஒன்றுக்குள் எவ்வளவு இறுக்கமான பொறியியல் இருக்கிறது என்பது புரியும்.

விசித்திரமானவை எல்லாம் நல்லவை என்று எண்ணிவிடக் கூடாது. ஜப்பானியர் இதற்கென்றே ‘குசோகே’ என்றொரு சொல்லை வைத்திருக்கிறார்கள். நாகரிகமாகப் பெயர்த்தால் ‘கழிசடை கேம்’. நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான தக்கேஷி கிட்டானோவின் பெயரில் 1986இல் ஃபேமிகொமுக்கு வந்த ‘தக்கேஷியின் சவால்’ இதற்குப் பேர்போனது. அதில் ஓரிடத்தில் இரண்டாவது கொன்ட்ரோலரிலுள்ள மைக்கில் பாட்டுப் பாட வேண்டும். ஓரிடத்தில் ஒரு மணி நேரம் எந்தப் பொத்தானையும் தொடாமல் காத்திருக்க வேண்டும். விளையாடுபவரைக் கேலி செய்வதற்கென்றே எழுதப்பட்ட கேம் அது. ஆர்வலர்கள் அதையும் விரும்புகிறார்கள். ஆனால் அந்த விருப்பம், கூத்தில் கட்டியக்காரன் அளவுக்கு மீறும்போது வரும் விருப்பத்தைப் போன்றது. ஒரு தடவை பார்த்துச் சிரிக்கலாம், விடிய விடியப் பார்க்க முடியாது. சிரிக்க மட்டும் வைக்கும் கேமுக்கும், சிரித்து முடிந்த பிறகும் மனதில் கிடக்கும் கேமுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதே இந்த ரசனையில் முதிர்ச்சி என்பேன்.

மனதில் கிடக்கும் வகைக்கு ‘பொக்கு நோ நட்சுயசுமி’யைச் சொல்லலாம். ‘என் கோடை விடுமுறை’ என்பது அதன் பொருள். 1975ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதம். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நாட்டுப்புறத்தில் உறவினர் வீட்டில் 31 நாட்கள் தங்குகிறான். வண்டு பிடிக்கலாம், மீன் பிடிக்கலாம், பட்டம் விடலாம். ஒன்றும் செய்யாமல் மாலையாகும்வரை திரியவும் செய்யலாம். வெல்வதற்கு எதுவும் இல்லை. 2000இல் முதலாம் பிளேஸ்டேஷனுக்கு வந்த இது, ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வரவில்லை. பள்ளி விடுமுறைக்குப் படுவான்கரையில் அம்மம்மா வீட்டுக்குப் போய், வயல் வரம்பிலும் வாய்க்காலிலும் நாளைக் கழித்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

இத்தகையவை அந்தக் காலத்தில் மிகுதியாக வந்ததற்குக் காரணம், அன்றைய படைப்பாளிகள் எல்லாரும் மேதைகளாக இருந்தார்கள் என்பதல்ல. கசெற் ஒன்றைச் செய்ய உள்ளே நினைவகச் சில்லு வேண்டும். அது விலை கூடியது, முன்கூட்டியே பெருந்தொகையாகச் செய்து வைக்கவும் வேண்டும். 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் சிடியோடு வந்தபோது அச்செலவு பெரிதும் விழுந்தது. சிறிய குழு, சிறிய செலவு, தோற்றாலும் கம்பனி மூழ்காது என்ற நிலைமையில், வழமையாக ‘வேண்டாம்’ என்று சொல்லப்படும் யோசனைகளுக்கும் ‘செய்து பார்’ என்ற விடை கிடைத்தது. மேலும், முப்பரிமாணத்தில் ஒரு கேம் எப்படி நடக்க வேண்டும், கமெராவை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கான இலக்கணம் அப்போது எழுதப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வழியில் எழுதிப் பார்த்தார்கள். கருவியின் குறைகூட ஒரு நடையாயிற்று. பிளேஸ்டேஷனில் சுவர்களும் முகங்களும் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். உருவங்களின் முனைகளைத் திரையின் முழுப் புள்ளிகளில் மட்டுமே அந்தக் கருவியால் வைக்க முடிந்தது, பரப்பில் ஒட்டும் படங்களை ஆழம் பார்த்துச் சரிசெய்யவும் அதற்குத் தெரியாது என்பதே அதற்குக் காரணம். இன்று அந்த நெளிவை வேண்டுமென்றே போட்டுப் புதிய கேம்களைச் செய்கிறார்கள்.

ரசிகர் என்றால் விளையாடுபவர் மட்டும் என்று நினைத்துவிட முடியாத அளவுக்கு இந்த ஆர்வலர்கள் செய்யும் வேலை பெரியது. கசெற்றிலுள்ள சில்லின் உள்ளடக்கத்தைச் சிறு கருவியால் வாசித்து ஒரு கோப்பாக்குகிறார்கள். அக்கோப்பை ‘ரொம்’ என்பர். பழைய கருவி செய்வதையெல்லாம் கணினியில் அப்படியே செய்து காட்டும் ‘எமியுலேட்டர்’ என்ற மென்பொருளை எழுதுகிறார்கள். அளவு எவ்வளவு சிறியது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: ‘பேட்டில் சிட்டி’ முழுவதும் 24 கிலோபைட், கைப்பேசியில் எடுத்த 3 மெகாபைட் படம் ஒன்றின் இடத்தில் அப்படி 128 கேம்களை வைக்கலாம்.

இவற்றிலெல்லாம் வியப்பானது ஆர்வலர் மொழிபெயர்ப்பு. 2006 ஏப்ரலில் ஜப்பானில் கேம்போய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த ‘மதர் 3’ பிற நாடுகளில் வெளியாகவே இல்லை. கடிதம் எழுதிக் கேட்டார்கள், கையெழுத்துத் திரட்டிக் கேட்டார்கள், நிறுவனம் அசையவில்லை. கடைசியில் ரசிகர்களின் சிறு குழு ஒன்று தாமே ஆங்கிலத்தில் பெயர்த்து 2008 அக்டோபரில் இலவசமாகக் கொடுத்தது. இதில் மொழி தெரிவது பாதி வேலைதான். ஜப்பானிய எழுத்துக்கள் எல்லாம் ஒரே அகலத்தவை. ஆங்கிலத்தில் ‘ஐ’ ஒல்லி, ‘டபிள்யூ’ பருமன். அகலம் மாறும் எழுத்தைக் காட்டத் தெரியாத கேமுக்குள் புகுந்து, அதைக் கற்றுக்கொடுக்கும் துண்டு நிரலை எழுத வேண்டியிருக்கும்.

தமிழில் ஒரு ஃபேமிகொம் கேமைக் கொண்டுவர முடியுமா என்று நான் கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்த்ததுண்டு. அந்தக் கருவியில் பின்னணிக்கென ஒரு தடவையில் 256 ஓடுகள், அதாவது திரையின் படத்தைக் கோக்கும் சிறு சதுரங்கள். ஒவ்வோர் ஓடும் 8க்கு 8 புள்ளி. நம்மிடம் 247 எழுத்துக்கள். பழைய அச்சுக்கூடத்தில் கோத்ததைப் போல ா, ெ, ே, ை ஆகியவற்றைத் தனி அச்சாக வைத்துக்கொண்டால் மெய், அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று 18 எழுத்துக்கு ஆறாறாக 108. உயிர் 12, ஆய்தம் 1, அந்தக் குறிகள் 4. மொத்தம் 125. ஆனால் ‘ண’வின் சுழிகளை எட்டுப் புள்ளி அகலத்துக்குள் அடக்கினால் அது எறும்புக் கூட்டமாகத்தான் தெரியும். எழுத்துக்கு இரண்டு ஓடு கொடுத்தால் 250 போய்விடும்; மிஞ்சும் ஆறு ஓட்டில் கதாநாயகனின் வீட்டையும் ஊரையும் கட்ட வேண்டும். எல்லா எழுத்துக்கும் இரண்டு தேவையில்லை, நினைவகத்தைப் பகுதி பகுதியாக மாற்றிக் காட்டும் கசெற் வகைகளும் உண்டு என்பதால் கதவு முழுதாக மூடவில்லை.

இவ்வளவு பாடுபட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 வீதமானவை இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அங்கேயே அப்படி. நம் கரையோரத்தில் 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து போனபோது, கேம் பெட்டியைப் பற்றி நினைக்க யாருக்கும் மனமிருக்கவில்லை, இருந்திருக்கவும் முடியாது. தப்பிக் கிடப்பவற்றை உப்புக் காற்று தின்கிறது. பரணில் ஒரு கசெற் கிடைத்தால் வாயால் ஊத வேண்டாம். நாமெல்லாம் அப்படித்தான் செய்தோம், அது பிழை. மூச்சின் ஈரம் செப்புத் தகடுகளை மேலும் அரிக்கும். மருந்துக் கடையில் ஐசோபுரொபைல் அல்ககோல் வாங்கிப் பஞ்சில் தொட்டு, அடியிலுள்ள தகட்டு வரிசையைத் துடைத்து, காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். துவக்கை மட்டும் நம்ப வேண்டாம். விசையை அழுத்திய கணத்தில் திரை கறுத்து, வாத்து இருந்த இடம் வெள்ளைக் கட்டமாக மின்னும்; அந்த ஒளியைத் துவக்கிலுள்ள கண் பிடிக்க வேண்டும். பழைய குழாய்த் தொலைக்காட்சி அதை உடனே காட்டியது. இன்றைய தட்டைத் திரைகள் படத்தைக் காட்டச் சற்றுத் தாமதிப்பதால் வாத்துக்கள் சாகா.

சட்டம் பற்றியும் ஒரு சொல். எமியுலேட்டர் எழுதுவதும் வைத்திருப்பதும் வேறு, உரிமையுள்ள கேமைப் பிரதி எடுத்துப் பரப்புவது வேறு; கணினி நிரல்களுக்கு நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. சில கேம்கள் நேர்வழியிலேயே திரும்பி வந்திருக்கின்றன: கதாநாயகன் கொன்று குவித்த பிராணிகளின் ஆவிகளை ஒரு சிறுவன் பிடித்து உயிர்ப்பிக்கும் ‘மூன்’, 1997இல் ஜப்பானில் வந்து 2020இல்தான் ஆங்கிலம் பேசியது. வாங்க முடிந்ததை வாங்கியே தொடங்குவது நல்லது.

தேட விரும்புபவருக்கு என் அனுபவத்தில் கண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெயர் மறந்த கேமைத் தேடும்போது படம் எப்படி இருந்தது என்று சொல்வதில் பயனில்லை. நிறங்கள் ஞாபகத்தில் மாறிவிடுகின்றன. மேலிருந்து பார்ப்பதா பக்கவாட்டிலிருந்து பார்ப்பதா, இருவர் ஒன்றாக விளையாடலாமா, செத்தால் என்ன நடக்கும், பொத்தான் அழுத்தினால் என்ன அசையும் என்று கை அறிந்தவற்றை எழுத வேண்டும். ‘நீலமும் சிவப்புமாக இரண்டு பறவை’ என்று நான் வருடக்கணக்காகத் தேடியது கிடைக்கவில்லை. ‘ஒரு பொத்தானில் இரண்டு பேர் எதிரெதிராக நடப்பார்கள்’ என்று எழுதிய அன்று மாலையே கிடைத்தது.

மருமகனிடம் கொன்ட்ரோலரைக் கொடுத்தேன். கைப்பேசியில் வளர்ந்த பிள்ளை. இரண்டு தடவை சிலந்தி வலையில் மாட்டிவிட்டு, “மாமா, இது பிழையா வேலை செய்யுது, ஒண்டு மற்றப் பக்கம் போகுது” என்றான்.

“அது அப்பிடித்தான் மனே, ரெண்டையும் பார்” என்றேன்.